சிவப்பு மாத்திரையும் கண்டக்டர் பல்லும்

கருத்தப்பாண்டியின் முன்பல் மம்சாபுரத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் உடைந்தது. பருத்தி ஏற்றி வந்த மாட்டுவண்டி ஒன்று சட்டென்று குறுக்கே திரும்ப, டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கருத்தப்பாண்டி முன்சீட்டுக் கம்பியில் போய் முகத்தை மோதினார். பஸ்ஸில் வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு மட்டும் மேல்வரிசை முன்பல்லில் பாதியைக் காணோம்.

உதட்டில் ரத்தத்தோடு அவர் குனிந்து சீட்டுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தபோது, பெண்கள் சீட்டிலிருந்து ஒரு கை கைக்குட்டையை நீட்டியது.

"அதைத் தேடாதீங்க அண்ணே. அதைவிட நல்லதா நான் வச்சுத் தாரேன்."

சொன்னது பல் டாக்டர் வஞ்சுளவல்லி. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், பெருமாள் கோயில் மாடவீதியில். மெட்ராஸில் படித்து முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கிளினிக் வைத்திருந்தாள். தினமும் அந்த பஸ்ஸில்தான் போய் வந்தாள். வீட்டில் ஒரு பேச்சு, கிளினிக்கில் ஒரு பேச்சு என்று இரண்டும் அவள் நாக்கில் சிரமமில்லாமல் புரளும். அது 1991. பல் வலித்தால் பிடுங்கிப் போடுவதுதான் வைத்தியம் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்த நேரம். கிளினிக்கில் உதவிக்கு இருந்த பரிபூரணம் பாதிப் பொழுது ஜன்னல் வழியாக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று சாயங்காலமே கருத்தப்பாண்டி வந்து நாற்காலியில் சாய்ந்தார். வஞ்சுளவல்லி இரண்டு பசைகளைக் கலந்து, மற்றப் பற்களின் நிறத்தோடு ஒத்துப் பார்த்து, உடைந்த பல்லின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து வடிவம் பிடித்தாள். இறுகியதும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினாள். பரிபூரணம் கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினாள். கருத்தப்பாண்டி உதட்டைத் தூக்கிப் பார்த்தார், இறக்கினார், மறுபடியும் தூக்கினார்.

"எது என் பல்லு, எது உங்க பல்லுன்னே தெரியலயே டாக்டரம்மா!"

அதற்குப் பிறகு அந்தப் பல்லுக்கு ஓய்வே இல்லை. தளவாய்புரத்திலிருந்து வத்திராயிருப்பு வரை போகிற வண்டி அது. ஏறுகிறவர் யாராக இருந்தாலும் கருத்தப்பாண்டி சிரித்துக் காட்டி, "இதுல எது ஒட்டுன பல்லு, சொல்லுங்க பாப்போம்" என்பார். தவறாகச் சொன்னவர்களிடம் கிளினிக் இருக்கிற இடத்தைச் சொல்லுவார். மில்லுக்குப் போகிற பெண்கள், கடைக்காரர்கள், வாத்தியார்கள் என்று மாடிப்படியில் ஆள் ஏறத் தொடங்கியது. பரிபூரணத்துக்கு ஜன்னல் பக்கம் போக நேரமில்லாமல் போயிற்று.

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த அடுத்த வாரம், மம்சாபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பல் முகாம் நடத்தினாள். அதற்காக மெட்ராஸிலிருந்து சிவப்பு மாத்திரை வரவழைத்திருந்தாள். மென்றால் வாயெல்லாம் சிவக்கும். கொப்பளித்த பிறகும் பல்லில் எங்கெல்லாம் அழுக்கு படிந்திருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு நிற்கும். அந்த இடத்தைப் பிள்ளைகளே கண்ணாடியில் பார்த்துத் தேய்த்துப் போக்கிக்கொள்ளலாம். பல் துலக்கு என்று நூறு தரம் சொல்வதைவிட இதை ஒரு தரம் காட்டினால் போதும் என்பது அவள் கணக்கு.

ஆனால் பிள்ளைகள் மாத்திரையைப் பார்த்ததும் பின்வாங்கின. முதல் வரிசையில் ஒருத்தி, "ரத்தம் கக்கிருவோம்" என்று சொல்ல, வரிசையே கலைந்தது. மகள் படிக்கிற பள்ளிக்கூடம் என்பதால் அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்த கருத்தப்பாண்டி முன்னால் வந்தார்.

"இங்க தாங்க டாக்டரம்மா. நான் மொதல்ல மெல்லுதேன். ஏட்டி, அப்பாவப் பாருங்கட்டி எல்லாரும்."

மென்றார், கொப்பளித்தார், பல்லைக் காட்டினார். பிள்ளைகள் 'ஹோ' என்று கத்தின. பிறகு பிரஷ்ஷை வாங்கித் தேய்த்தார். சிவப்பெல்லாம் போயிற்று. ஒரு இடத்தைத் தவிர.

"அப்பா, ஒம் பல்லு ரோஸாயிட்டு!" என்றாள் மகள்.

வஞ்சுளவல்லி அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். முன்பல்லின் மேல்பாதி, அவருடைய சொந்தப் பாதி, பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கீழ்ப்பாதி, அவள் வைத்த பாதி, வெளிர் ரோஸ் நிறத்தில் நின்றது. இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்தாற்போல் எல்லை தெரிந்தது. அவள் பிரஷ்ஷை வாங்கித் தானே தேய்த்துப் பார்த்தாள். நிறம் அசையவில்லை.

கல்லூரியில் இந்தச் சாயத்தை எத்தனையோ வாயில் தடவியிருக்கிறாள். அந்த வாய்களில் எதிலும் வெள்ளை அடைப்பு இருந்ததில்லை. அடைப்பு வைத்த பல்லில் சாயம் பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஆனால் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கருத்தப்பாண்டி அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பல்லுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. நான் வச்ச பசைதான் சாயத்தைக் குடிச்சிருக்கு. ஏன் குடிச்சதுன்னு எனக்கு இப்போ தெரியல. தெரிஞ்சுக்கிட்டுச் சரி பண்ணித் தாரேன். காரணம் தெரியாம கை வைக்க மாட்டேன்."

"தெரிஞ்ச பொறவே பண்ணுங்க. எனக்கென்ன அவசரம்? பொண்ணா பாக்கப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, ரோஸ் பல்லைக் காட்டிப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். கலைந்த வரிசை மறுபடியும் கூடியது. முகாம் நல்லபடியாகத்தான் முடிந்தது.

பஸ்ஸில்தான் சங்கடம். அவர் சிரிப்பை அடக்கத் தெரியாதவர். மறுநாள் ராஜபாளையத்தில் ஏறிய வயதான ராஜுவீட்டு அம்மாள் ஒருத்தி அவரைப் பார்த்துவிட்டு, "ஏமி பாபு இதி, பல்லுக்கு மருதாணி வச்சியா?" என்று தெலுங்கு கலந்து கேட்டாள். பின்சீட்டிலிருந்து ஒருவர், "சாயம் போற துணி பாத்திருக்கோம். சாயம் ஏறுற பல்லை இப்பத்தான் பாக்கோம்" என்றார். வண்டியே சிரித்தது. வஞ்சுளவல்லி பெண்கள் சீட்டில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் சூடாயிற்று.

கிளினிக்குக்கு வருவதாகச் சொன்ன சிலர் வரவில்லை. ஏற்கெனவே பல்லை அடைத்துக்கொண்டு போன மில் தொழிலாளி வேலுத்தாய் வந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டே கேட்டாள்.

"எனக்கும் ரோஸாயிருமா டாக்டரம்மா?"

"மாத்திரை மெல்லாத வரைக்கும் ஆகாது வேலுத்தாய். மென்னா ஆகுமான்னு பாத்துச் சொல்லுதேன். அதுவரைக்கும் கையை எடுத்துட்டே பேசு."

அந்த வாரக் கடைசியில் வத்திராயிருப்பிலிருந்து சேதி வந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அடுத்த முகாமுக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் குருசாமி கருத்தப்பாண்டியிடமே சொல்லி அனுப்பியிருந்தார். "சிவப்பு மாத்திரையோட இங்க வர வேண்டாம்னுட்டாரு. எம்புட்டோ சொன்னேன், கேக்கல" என்றார் கருத்தப்பாண்டி. தன் பல்லுக்கு வராத வருத்தம் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது.

"வருவேன்னு சொல்லுங்க. மாத்திரையோடதான் வருவேன்" என்றாள் வஞ்சுளவல்லி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கிளம்புவதைப் பார்த்து அம்மா ஸாவித்ரி வாசலுக்கு வந்தாள்.

"இன்னிக்கும் கிளினிக்கா? யார் வரப்போறா இன்னிக்கு?"

"யாரும் வரலைம்மா. பழைய பல் ஒரு பாட்டில் நிறைய இருக்கு. அதுல ஒரு வேலை. ஆத்துலேயே பண்ணலாம்னு பார்த்தேன்..."

"பெருமாளே! அதை நினைக்கக்கூடப் படாது. நீ கிளம்பு, கிளம்பு. சாயங்காலம் வந்து தலைக்குத் தீர்த்தம் விட்டுண்டுதான் உள்ள வரணும்."

பரிபூரணம் கோயில் முடிந்து, வெள்ளைச் சேலையும் கையில் பைபிளுமாக நேரே கிளினிக்குக்கு வந்தாள். அங்கே மேஜையில் ஒரு தட்டில் பற்கள் வரிசையாக இருந்தன. அவளும் உட்கார்ந்துகொண்டாள். பிடுங்கிச் சுத்தம் செய்து வைத்திருந்த அந்தப் பற்களில் குழி எடுத்து, சிலவற்றில் கருத்தப்பாண்டிக்கு வைத்த அதே பசையை அடைத்தார்கள். அவற்றில் பாதியை நன்றாக மெருகேற்றினார்கள். மீதியைச் செதுக்கியதோடு சொரசொரப்பாகவே விட்டார்கள். இன்னும் சிலவற்றில் பசைக்குப் பதிலாகப் பல் அடைக்கிற வெள்ளைச் சிமெண்ட் வைத்தார்கள். எல்லாம் நன்றாக இறுகியபின், மாத்திரையை நுணுக்கிக் கரைத்த தண்ணீரில் போட்டுவிட்டு, பரிபூரணம் கொண்டுவந்த இட்லியைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள்.

எடுத்துத் தேய்த்தபோது சங்கதி துலக்கமாகத் தெரிந்தது. சிமெண்ட் வைத்தவை ரோஜாப்பூ நிறத்தில் இருந்தன. சொரசொரப்பாக விட்டவை அதற்குக் கொஞ்சம் குறைவு. மெருகேற்றியவற்றில் மட்டும் உற்றுப் பார்த்தால்தான் ஏதோ ஒரு சாயல் தெரிந்தது. சொந்தப் பல் எல்லாவற்றிலும் வெள்ளையாகவே இருந்தது.

பரிபூரணம் தயங்கியபடி கேட்டாள்: "அப்போ கண்டக்டருக்கு நீங்க மெருகு போடலையா டாக்டர்?"

"போட்டேனே அக்கா. நீங்கதானே பக்கத்துல லைட்டப் பிடிச்சிட்டு நின்னீங்க?"

"ஆமா. கண்ணாடி கணக்கா மின்னிச்சு. நானே பாத்தேன்."

வஞ்சுளவல்லி மெருகேற்றிய பல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ அதுக்குப் பொறவு அந்த வாயில என்னமோ நடந்திருக்கு" என்றாள் வஞ்சுளவல்லி. வெற்றிலை இல்லை, பீடி இல்லை, அவருக்குத் தெரிந்த ஒரே பழக்கம் டீ. டீ ரோஸ் நிறத்தையா பிடித்து வைக்கும்? பதில் கிடைத்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கேள்வி இந்த அளவுக்குச் சுருங்கியதே பெரிய காரியம்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. உட்கார இடம் கிடைக்காமல் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கருத்தப்பாண்டிக்கு எதிரிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அவருடைய ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கை தோல்பைக்குள். விசில் எங்கே என்று பார்த்தாள். பித்தளை விசில் அவர் பற்களுக்கு நடுவில் இருந்தது. உதட்டால் பிடிக்கவில்லை. முன்பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். ஊதினார், சில்லறை கொடுத்தார், விசிலை நாக்கால் தள்ளி நகர்த்தி மறுபடியும் கடித்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் பித்தளை பல்லில் உரசியது. அதே பல்லில்.

அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த விசிலை இன்னிக்கு எனக்குத் தாங்க."

கருத்தப்பாண்டி விசிலை எடுத்துவிட்டு விழித்தார். "விசில் இல்லாம வண்டி எப்படிப் போகும் டாக்டரம்மா?"

"வேற இல்லையா?"

"டிரைவர்கிட்ட ஒரு பழசு கிடக்கும். எதுக்குன்னு சொல்லுங்களேன்."

"சாயங்காலம் கிளினிக்குக்கு வாங்க, சொல்லுதேன்."

அன்றைய வேலைக்கு நடுவே, மெருகேற்றிய பல் ஒன்றை எடுத்து, அவர் கொடுத்துவிட்டுப் போன விசிலின் வாய்ப்பக்கத்தால் உரசு உரசென்று உரசினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல் நகத்தை ஓட்டினால் மட்டும் லேசான நறநறப்பு. சாயத்தில் போட்டு எடுத்துத் தேய்த்தாள். உரசிய இடம் மட்டும் ரோஸாக நின்றது. பரிபூரணம் கைதட்டியே விட்டாள்.

சாயங்காலம் அந்தப் பல்லைக் கருத்தப்பாண்டியின் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தப் பக்கம் நான் வச்சப்போ இருந்த மாதிரி. இந்தப் பக்கம் உங்க விசில் உரசினப்புறம். சொந்தப் பல்லு இரும்பு மாதிரி அண்ணே, விசில் அதை ஒண்ணும் பண்ணாது. என் பசை அம்புட்டு உறுதி இல்ல. கீறல் விழுது, கீறல்ல சாயம் ஏறுது. உங்க பல்லுக்கு என்ன வேலைன்னு நான் முன்னாலேயே கேட்டிருக்கணும்."

"அப்போ உங்க வேலையில குத்தமில்ல, என் விசில்லதான் குத்தம்னு நாளைக்கு வண்டில சொல்லிருதேன்."

"ரெண்டுலயும்னு சொல்லுங்க."

மேல்பூச்சை மெல்லத் தேய்த்து எடுத்து மறுபடி மெருகேற்றினாள். ரோஸ் நிறம் கரைந்து போயிற்று. சாயம் உள்ளே இறங்கவில்லை, தோலோடு நின்றிருக்கிறது. ஆனால் சொந்தப் பல்லும் பசையும் சேருகிற இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு மட்டும் போக மறுத்தது. பரிபூரணம், "தூரத்துல தெரியாது டாக்டர்" என்றாள். வஞ்சுளவல்லி தலையை ஆட்டினாள். அந்தக் கோட்டைத் தோண்டி எடுத்து, புதிதாகப் பசை வைத்து, அதையும் மெருகேற்றிய பிறகுதான் கண்ணாடியைக் காட்டச் சொன்னாள்.

விசில் பிரச்சினையைக் கருத்தப்பாண்டியே தீர்த்துக்கொண்டார். முதலில் பிளாஸ்டிக் விசில் வாங்கிப் பார்த்தார். சத்தம் டிரைவர் காதுக்கே எட்டவில்லை. பிறகு சைக்கிள் கடையில் ரப்பர் வால்வு டியூப் வாங்கி, பித்தளை விசிலின் வாயில் இறுக்கமாக மாட்டிக்கொண்டார். கடிக்க மெத்தென்று இருப்பதாகச் சொன்னார்.

மிச்சமிருந்தது வத்திராயிருப்பு. வஞ்சுளவல்லி பற்களை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போனாள். தலைமையாசிரியர் குருசாமி ஐம்பது வயதுக்காரர், கட்டுமஸ்தான ஆள். அவள் பற்களை ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்துச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதாம்மா. ஆனா வேண்டாம். பிள்ளைகளுக்கு ஏதாச்சும் ஆனா நான் யாருக்குப் பதில் சொல்ல?" என்றார்.

"பிள்ளைங்க வாயில அடைப்பு இருக்கிறதே அபூர்வம் சார். இருந்தாலும் நான் முன்னாலேயே ஒவ்வொரு வாயா பாத்துருவேன். வெள்ளை அடைப்பு இருந்தா அதுமேல வாஸலின் தடவிருவேன். சாயம் அண்டாது."

"அண்டாதா?"

அவர் அதை வேகமாகக் கேட்டார். கேட்டபோது மேலுதடு ஒரு கணம் உயர்ந்தது, உடனே இறங்கிக்கொண்டது. வந்ததிலிருந்தே அவர் உதட்டை அதிகம் அசைக்காமல் பேசுவதை அவள் கவனித்திருந்தாள். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. இடதுபக்க முன்பல்லில் ஓரமாக ஒரு அடைப்பு. நல்ல கைவேலை.

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சார், உங்க பல்லை அடைச்சது யாரு? மதுரையா?"

குருசாமி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"மதுரைதான். யாருக்கும் தெரியாது. வீட்டுல மட்டும் தெரியும். மம்சாபுரத்துல அந்தக் கண்டக்டர் மென்னு காட்டினாருன்னாங்க. இங்கன்னா, பிள்ளைக முன்னால மொதல்ல நான்தான மெல்லணும்? முந்நூறு பிள்ளைக முன்னால ரோஸ் பல்லோட நிக்க முடியுமா? மறுநாளே பட்டப்பேரு வச்சிருவானுக."

"நீங்க மெல்லவே வேண்டாம் சார். பரிபூரணம் அக்கா மெல்லுவாங்க. உங்களுக்கு மெல்லணும்னு தோணினா வாஸலின் தடவி விடுதேன். சாயம் ஏறாது. அதையும் மீறி ஏறிட்டா, அன்னிக்கே எடுத்துத் தாரேன். எப்படி எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் மேஜையிலிருந்த பற்களில் ஒன்றைத் தொட்டு உருட்டினார். "தெரியும்ங்கிறதை இம்புட்டு நிச்சயமாச் சொல்லுதீங்க."

"செஞ்சு பாத்துட்டுத்தான் சொல்லுதேன் சார்."

முகாம் நடந்தது. பள்ளிக்கூட வளாகத்து வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை நிறுத்தி வஞ்சுளவல்லி ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். ஒரே ஒரு பிள்ளைக்குச் சிமெண்ட் அடைப்பு இருந்தது. அவளுக்கு மாத்திரையே வேண்டாம் என்று தனியே உட்கார வைத்து, கண்ணாடி பிடிக்கிற வேலையைக் கொடுத்தாள். மாத்திரை டப்பாவைத் திறந்தபோது பரிபூரணம் முன்னால் வந்தாள். அதற்குள் குருசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் மெல்லுதேன்."

வஞ்சுளவல்லி அவரைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு, பல்லைத் துடைத்து வாஸலினைக் கெட்டியாகத் தடவினாள். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பி மாத்திரையை மென்று, கொப்பளித்து, ஈயென்று காட்டினார்.

முன்வரிசைப் பற்கள் முழுக்கச் சிவந்து கிடந்தன. இடதுபக்கம் ஒரு பல்லின் ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு துண்டு தெரிந்தது.

கூட்டத்தில் கசமுசவென்று சத்தம் எழுந்தது. ஒரு சிறுமி கேட்டேவிட்டாள்: "சார், அந்தப் பல்லு மட்டும் ஏன் சார் செவக்கல?"

இப்படி ஆகும் என்று வஞ்சுளவல்லி நினைத்துப் பார்க்கவே இல்லை. சாயம் ஏறாமல் தடுப்பதிலேயே குறியாக இருந்தவள், ஏறாததே காட்டிக்கொடுக்கும் என்பதை விட்டுவிட்டாள். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனாள். குருசாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏன்னா அது டாக்டர் அடைச்ச இடம்" என்றார், மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில். "ஒங்க வயசுல பல்லு தேய்க்கச் சொன்னா நான் தேய்க்கல. சொத்தையாப் போச்சு. மதுரை வரைக்கும் போயி அடைச்சிட்டு வந்தேன். யாருக்கெல்லாம் மதுரைக்குப் போக வேண்டாமோ, அவங்க வரிசையில வாங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் வரிசை கூடிவிட்டது. முந்திக்கொண்டு வந்தவர்களைப் பரிபூரணம் அதட்டி ஒழுங்குபடுத்தினாள். குருசாமி பிரஷ்ஷோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்த் தேய்த்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். வஞ்சுளவல்லி அவரை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாள். வாஸலினையும் வழித்துவிட்டுப் பார்த்தாள். பல்லும் அடைப்பும் ஒரே நிறம்.

"சொன்னபடி இருக்கா?" என்றார்.

"இருக்கு சார். வருஷத்துக்கு ஒரு தடவை ராஜபாளையம் வாங்க, மெருகு போட்டு விடுதேன்."

"வாரேன்" என்றார். இந்தத் தடவை உதடு முழுக்க விரியச் சிரித்தார்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வெயில் மேஜை வரைக்கும் வந்துவிட்டது. வரிசையின் கடைசி எங்கே என்று தெரியவில்லை. முதலில் நின்ற சிறுமி கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாத்திரைக்காக உள்ளங்கையை நீட்டினாள்.